இல்லறத்தாரின் செல்வமும் கடனில்லா இன்பமும்

பௌத்தம் தழுவிய நம் குடும்பங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. ஆசையே துன்பத்திற்குக் காரணமென்று ததாகதர் போதித்திருக்கப் பணம் சேர்ப்பதும் ஆசையின் பாற்பட்டதன்றோ? பற்றினை விடச் சொன்ன தம்மத்தைப் பின்பற்றுவோர் சேமிப்புப் புத்தகத்தைக் கையிலேந்தலாமோ? இங்ஙனம் வினவுவோர் இருவகையினர். மெய்யாகவே ஐயுற்று வினவுவோர் ஒருவகையினர். வந்ததை அன்றன்றே செலவிட்டு விட்டு, அதற்குத் தம்மத்தின் பெயரால் சமாதானம் தேடுவோர் மற்றொரு வகையினர். இருசாரார்க்கும் பயன்படுமாறு இப்பாடத்தை அமைக்கின்றோம்.

1. தீகஜாணுவின் வேண்டுகோள்

கோலியர் நாட்டில் கக்கரபத்தம் என்னும் ஊரில் பகவான் தங்கியிருந்தபோது தீகஜாணு என்னும் இல்லறத்தான் அவரை அணுகினான். தான் துறவியல்லன் என்பதை அவன் மறைக்கவில்லை. மனைவி மக்களோடு வாழ்பவன், சந்தனம் பூசுபவன், மாலை சூடுபவன், பொன்னும் வெள்ளியும் கையாள்பவன் என்று தன் நிலையை உள்ளவாறே கூறினான். இத்தகைய தனக்கு இம்மையிலும் மறுமையிலும் நன்மை தரும் வழியை அருளவேண்டுமென்று இரந்தான்.

பகவான் அவனைக் கடிந்து கொண்டாரா? பொன்னைத் தொட்ட கையோடு வந்தனையோ என்று விலக்கினாரா? இல்லை. இவ்வுலக நன்மைக்கு நான்கு பொருள்களை அவனுக்கு வகுத்துரைத்தார். அங்குத்தர நிகாயத்தின் எண்தொகைப் பகுதியில் இச்செய்தி காணப்படுகின்றது.

முதலாவது உட்டானம், அஃதாவது சோம்பலின்றித் தொழிலில் திறமையும் ஊக்கமும் உடைமை. இரண்டாவது ஆரக்கம், அறவழியில் வியர்வை சிந்தி ஈட்டியதை அரசராலும் கள்வராலும் நெருப்பாலும் நீராலும் பண்பில்லா வாரிசுகளாலும் அழியாமற் காத்தல். மூன்றாவது கலியாணமித்தம், நம்பிக்கையும் சீலமும் ஈகையும் அறிவும் உடையோரின் நட்பு. நான்காவது சமஜீவிதம், வரவறிந்து செலவறிந்து, மிகுதியாகவும் செலவிடாமல் மிகக் குறைவாகவும் செலவிடாமல் சமமாக வாழ்தல்.

இந்நான்கையும் ஒருமுறை ஓதிவிட்டுப் போகாமல் இவற்றின் வரிசையைக் கவனிப்போமாக. ஈட்டுதல் முன்னும் காத்தல் அதன் பின்னும் வருகின்றன. காத்தலின் பின் உடனே செலவு வரவில்லை, நட்பு வருகின்றது. ஏன்? பணம் எவர் கூட்டத்தில் இருக்கின்றதோ அவர் குணத்தைப் பெறும். சம்பள நாளன்று மாலை நம்மோடு நடந்து வருபவர் எவரென்பதே அச்சம்பளம் வீடு சேருமா சேராதா என்பதை முடிவு செய்கின்றது. இதனை நம் வீட்டுப் பெண்மக்கள் எந்த நூலையும் படியாமலே அறிவர்.

2. துலாக்கோலும் அத்திமரமும்

சமஜீவிதத்தை விளக்கப் பகவான் துலாக்கோலை உவமை காட்டினார். தராசு பிடிப்பவன் இத்தனை தாழ்ந்தது, இத்தனை உயர்ந்தது என்று கண்ணாலேயே அறிவதுபோல், இல்லறத்தான் தன் வரவு செலவுகளின் ஏற்றத்தாழ்வை அறிந்திருக்க வேண்டும். சிறுவரவுடையவன் பெருவாழ்வு வாழ்ந்தால் அவன் அத்திப்பழம் தின்பவனை ஒப்பான் என்பர். கனிக்காக மரத்தையே உலுக்கி, உதிர்ந்தவற்றுள் சிலவற்றைத் தின்று பலவற்றை வீணாக்கிப் போகின்றவன் அவன். பெருவரவுடையவன் தன்னை வருத்திக்கொண்டு வறியவன்போல் வாழ்ந்தால், அவன் பட்டினியால் மாள்பவன்போல் மாள்வான் என்பர்.

ஆகவே கருமித்தனமும் சேமிப்பும் ஒன்றல்ல. பிள்ளைக்குப் பால் வாங்காமல் மீத்த பணம் சேமிப்பன்று. அது பிள்ளையிடமிருந்து வாங்கிய கடன். நோயுற்ற முதியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லாமல் மீத்த பணமும் அத்தகையதே. தம்மம் இரண்டு கோடிகளையும் விலக்குகின்றது. ஊதாரித்தனம் ஒரு கோடி, உலோபம் மற்றொரு கோடி. நடுவழியே நம் வழி.

மேலும், செல்வம் கசியும் வாயில்களைப் பகவான் ஏரியோடு ஒப்பிட்டார். ஓர் ஏரிக்கு நீர்வரும் கால்கள் நான்கும் நீர்போகும் மதகுகள் நான்கும் உள்ளன. மழையில்லாத காலத்தில் வரும் கால்களை அடைத்து மதகுகளைத் திறந்து விட்டால் ஏரி வற்றும். பிறன்மனை நாட்டம், குடி, சூது, தீயோர் நட்பு என்பனவே அந்நான்கு மதகுகள். சிகாலகன் என்னும் இளைஞனுக்கு உரைத்த சூத்திரத்திலோ செல்வத்தை அழிக்கும் வாயில்கள் ஆறென்று விரித்தார். குடி, அகாலத்தில் தெருவில் திரிதல், கேளிக்கைகளிலே மூழ்குதல், சூது, தீயோர் நட்பு, சோம்பல் என்பன அவை.

சூது இன்று கையடக்கக் கருவியில் புகுந்துவிட்டது. பகடை உருளும் ஓசைகூடக் கேளாமல், பாயில் படுத்திருக்கும் இளைஞனின் கைப்பேசி வழியே ஒரு மாதக் கூலி போய்விடக்கூடும். பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025இல் இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. எனினும் சட்டம் தெருவாயிலைக் காக்கும். வீட்டுவாயிலை நாமே காத்தல் வேண்டும்.

3. பொன் தோண்டியவர் வீட்டில்

கடனைப் பற்றிப் பேசப் புகுமுன், தென்னாட்டுத் தமிழ்ப் பௌத்தர் வரலாற்றில் பெரிதும் இடம்பெற்ற ஓர் ஊரை நினைவு கூர்வோம். கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனியார் 1880இல் சுரங்கத் தொழிலை மேற்கொண்டனர். வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே குடியேறின. பண்டித அயோத்திதாசர் 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் சென்னையில் தொடங்கிய வார இதழை அங்கிருந்த தொழிலாளரும் வாசித்தனர். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் எழுந்தது. அவ்விதழின் பெயரே ‘ஒரு பைசாத் தமிழன்’ என்பது. விலையையே பெயராகச் சூடிய அவ்விதழ், ஒரு பைசாவுக்கும் பெருமதிப்பு உண்டென்று வறியோர்க்கு உணர்த்தியது. அந்த ஒரு பைசாவைக் கள்ளுக்குத் தருவதா, அறிவுக்குத் தருவதா என்பதை வாசகரே தெரிந்தெடுத்தனர்.

அத்தங்கவயலில் நம் மூதாதையர் பூமிக்கடியில் இறங்கிப் பொன்னை வெட்டியெடுத்தனர். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. அத்தனை ஆழத்திலிருந்து பொன் கொணர்ந்தவர்களுள் எத்தனை பேர் வீட்டில் ஒரு குன்றிமணிப் பொன் அடகுக்குப் போகாமல் இருந்தது என்று முதியோரைக் கேட்டுப் பாருங்கள். கூலி குறைவு என்பது உண்மை. அக்குறையை எவரும் மறைத்தல் கூடாது. சம்பள நாளன்று வட்டிக்காரர் வாயிலில் நின்றார் என்பதும் உண்மை. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின் அவ்வூரார் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று பிழைக்க நேர்ந்தது. நிலையானதென்று நம்பிய வேலை நிலையற்றதாயிற்று. அநித்தியம் என்னும் போதனையை அவ்வூரைக் காட்டிலும் தெளிவாகக் கற்பிக்கும் பள்ளி வேறில்லை.

அநித்தியத்தை அறிந்தவன் சேமியாதிருக்க வேண்டும் என்று சிலர் கருதுவர். அது தலைகீழ்க் கருத்து. வேலை நிலையாதென்று அறிந்தவனே வேலையுள்ளபோது சேமிக்கக் கடமைப்பட்டவன். மழை நிலையாதென்று அறிந்தவனே ஏரிக்கரையை உயர்த்துவான்.

4. கடனில்லா இன்பம்

இல்லறத்தான் அடையும் இன்பங்கள் நான்கு என்று அநாதபிண்டிகருக்குப் பகவான் உரைத்தார். அறவழியில் ஈட்டிய பொருள் தன்னிடம் உண்டென்னும் இன்பம், அப்பொருளைத் துய்த்தும் நற்செயல் புரிந்தும் பெறும் இன்பம், எவர்க்கும் சிறிதும் பெரிதுமாகக் கடன்படாமையின் இன்பம், மனம் மொழி மெய்களால் குற்றமற்றிருத்தலின் இன்பம் என்பன அவை. இவற்றுள் கடனில்லா இன்பத்தை ‘அனண சுகம்’ என்பது பாலி வழக்கு. ஒரு ஞானி இல்லறத்தாரின் பேரின்பங்களை எண்ணும்போது கடனின்மையை அவற்றுள் ஒன்றாக எண்ணினார் என்பது எத்துணை வியக்கத்தக்கது!

வறுமையும் கடனும் உலகில் துன்பமென்று மற்றொரு சூத்திரம் படிப்படியாக விளக்குகின்றது. வறியவன் கடன் வாங்குகிறான், வட்டிக்கு ஒப்புகிறான், தவணை தவறினால் கேட்டு நெருக்குகின்றனர், பின்தொடர்ந்து துரத்துகின்றனர், முடிவில் கட்டுண்கிறான். இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த வரிசையில் இன்று எந்தப் படி மாறியுள்ளது? கடன் வாங்கியோரை அச்சுறுத்தித் துன்புறுத்துவதைத் தடுக்கக் கருநாடகம் 2025இல் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது என்றால், நிலைமை தெற்றென விளங்கும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒரு குடும்பம் ஐந்து வட்டிக்கு 10,000 ரூபாய் கடன் வாங்கியதாகக் கொள்வோம். ஐந்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 5 ரூபாய். ஆண்டுக்கு நூற்றுக்கு 60 ரூபாய். மாதம் 500 ரூபாய் வட்டி கட்ட வேண்டும். 20 மாதத்தில் 10,000 ரூபாய் கட்டியாயிற்று. அசல் அப்படியே நிற்கும். ஐந்தாண்டில் 30,000 ரூபாய் கட்டியாயிற்று. அப்போதும் அசல் அப்படியே நிற்கும்.

மற்றொரு குடும்பம் அதே 500 ரூபாயை மாதந்தோறும் அஞ்சலகத் தொடர் வைப்பில் கட்டியதாகக் கொள்வோம். 20 மாதத்தில் அவர்களுடைய சொந்தப் பணம் 10,000 ரூபாய் சேர்ந்தது. ஐந்தாண்டு முடிவில் 30,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் அவர்களுடையன. இரு குடும்பங்களும் மாதம் கொடுத்தது ஒரே 500 ரூபாய்தான். ஒரு வீட்டில் அது சங்கிலியாயிற்று. மற்றொரு வீட்டில் அது தூணாயிற்று. முதற்குடும்பத்தாரைச் சேமிக்க இயலாதவர் என்று சொல்லலாமோ? சொல்லலாகாது. அவர்கள் மாதந்தவறாமல் சேமித்தனர். ஆனால் வட்டிக்காரர் வீட்டுப் பெட்டியில் சேமித்தனர்.

ஆதலின் ஏற்கெனவே கடனுள்ளோர்க்கு முதற்சேமிப்பு கடனடைத்தலே. மிகுந்த வட்டியுள்ள கடனை முதலில் அடைக்க. ஒன்றை அடைக்க மற்றொன்றை வாங்காதிருக்க. அடைத்து முடிந்த மாதத்திலிருந்து அதே தொகையை, வட்டி கட்டிய அதே நாளில், தம் பெயரில் கட்டத் தொடங்குக. கை பழகிய வழியில் பணம் போகும். வழியை மட்டும் மாற்றினாற் போதும்.

5. நான்கு பங்கும் நம் கூலியும்

வண்டு தேன் சேர்ப்பதுபோலவும் புற்று வளர்வதுபோலவும் செல்வம் சிறிது சிறிதாகப் பெருகுமென்று சிகாலகனுக்குப் பகவான் உரைத்தார். அதனை நான்கு பங்காக்கி, ஒரு பங்கைத் துய்த்து, இரண்டு பங்கைத் தொழிலில் இட்டு, நான்காவதை இடுக்கண் காலத்திற்கு வைக்கச் சொன்னார்.

இங்கே நேர்மையோடு ஒன்றைச் சொல்லவேண்டும். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் நான்கில் ஒரு பங்கில் உண்டு உடுத்து வாழ இயலாது. சிகாலகன் செல்வக் குடியினன். அவனுக்கு ஏற்ற அளவு அது. நாம் கொள்ளவேண்டியது அளவையன்று, பிரிவினையை. துய்ப்பு, தொழில், இடுக்கண் என்னும் மூன்று பெயரும் நம் வீட்டுப் பணத்திற்கும் இருத்தல் வேண்டும். பெயரிடாத பணம் துய்ப்பிற்கே போகும்.

நிலமும் கடையும் இல்லாதார்க்குத் தொழிற்பங்கு யாது? பிள்ளைகளின் கல்வியே நம் தொழில் முதலென்று நாம் கருதுகின்றோம். ஒரு தையற்பொறி, ஒரு கைத்தொழிற் பயிற்சி, ஒரு தேர்வுக் கட்டணம் ஆகியனவும் அதில் அடங்கும். இடுக்கண் பங்கோ முதலில் மிகச் சிறியதாக இருப்பினும் இருத்தல் வேண்டும். நம் பாட்டியர் உலையிலிடும் அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் இட்டு வைப்பர். அந்த ஒரு பிடியால் அன்றைய சோறு குறைந்ததில்லை. ஆனால் வேலையற்ற வாரத்தில் அப்பானை வீட்டைக் காத்தது. சமைக்குமுன் எடுத்ததே பிடியரிசி; உண்டபின் மிஞ்சியது பழையசோறு. சேமிப்பும் அவ்வாறே. செலவிட்டு மிஞ்சியதைச் சேமிப்போம் என்பவர்க்கு மிஞ்சுவதில்லை. வந்தவுடன் எடுத்து வைப்பவர்க்கே சேரும்.

6. சடங்கு போயிற்று, செலவு போயிற்றா?

பௌத்தம் தழுவியபோது பல சடங்குகளை நாம் கைவிட்டோம். திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி மணம் முடிக்கின்றோம். ஒரு வெண்ணிற ஆடை, சில மலர்கள், சில மெழுகுவர்த்திகள் போதுமென்று மேடையில் பேசுகின்றோம். ஆனால் மண்டபத்தின் மின்விளக்குத் தோரணம், தெருவை மறைக்கும் விளம்பரப் பதாகை, மூவகை இனிப்பு, ஊரார் வாயடைக்கும் சீர்வரிசை இவை குறைந்தனவா? பழைய சடங்கு ஐயர்க்குத் தந்த தட்சிணையை ஒழித்து, அதைப்போற் பன்மடங்கைப் பந்தற்காரர்க்குத் தந்தால் என்ன விடுதலை பெற்றோம்? இக்குற்றச்சாட்டைப் பிறர்மீது சாட்டவில்லை. நம் வீட்டு விழாக்களையும் எண்ணியே எழுதுகின்றோம்.

இதன் வேர் பேராசையன்று, அவமான அச்சம். தலைமுறை தலைமுறையாக இழிவு சுமத்தப்பட்டவர், ஒரு நாளேனும் பெருமையாக நிற்க விரும்புவது இயல்பே. அந்த விருப்பத்தை நகையாடுதல் கொடுமை. ஆயினும் அந்த ஒரு நாளைக்காக ஆறாண்டுகள் பிறர் வாயிலில் தலைகுனிந்து நின்றால், இழந்தது பெருமையே. கடன்கேட்டு வருபவர் குரலுக்கு அஞ்சிக் கதவடைத்திருக்கும் வீட்டில் சுயமரியாதை எங்கே குடியிருக்கும்? எளிய மணம் முடித்து, மணமக்கள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கிக் கொடுக்கும் வீடே உண்மையில் தலைநிமிர்ந்த வீடு. இதனைச் சங்கத்தில் முதன்மையானோர் முதலில் செய்தால், எளியோர் நாணமின்றிப் பின்பற்றுவர்.

7. எங்கே வைப்பது?

காத்தல் என்னும் இரண்டாம் அங்கம் இங்கே பயன்படுகின்றது. அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப்பானையிலும் வைத்த பணம் அவசரத்திற்கு உதவும். ஆனால் கண்ணெதிரே இருப்பதால் கரையும்.

அஞ்சலகச் சேமிப்பு வங்கி இந்நாட்டில் 1882 முதல் நடைபெற்று வருகின்றது. அதன் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்தே கட்டலாம்; காலம் ஐந்தாண்டு. குறைந்தபட்ச இருப்பு வேண்டாத சேமிப்புக் கணக்குகள் 2014இல் தொடங்கிய ஜன்தன் திட்டத்தால் வங்கிகளில் கிடைக்கின்றன. காப்பீடு செய்யப்பட்ட வங்கி ஒன்று முறிந்து போனாலும், ஒருவர்க்கு 5 இலட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகை காப்பீட்டால் திரும்பக் கிடைக்கும். இவ்வரம்பு 2020இல் உயர்த்தப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியை நபார்டு வங்கி 1992இல் தொடங்கியது. கணக்கேட்டை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கும் குழு நல்ல குழு. கணக்கை ஒருவரே அறிந்திருக்கும் குழுவைவிட்டு விலகுக.

சீட்டுக் கட்டுவோர், அச்சீட்டு 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றதா என்று கேட்டறிந்தே கட்டுக. தெரிந்தவர், உறவினர், ஒரே தெருவினர் என்பது பதிவுச் சான்றாகாது. சில மாதங்களில் பணம் இரட்டிப்பாகுமென்று கூறுவோரிடம் ஒரு ரூபாயும் தராதிருக்க. நகையாகப் பொன் வாங்குவோர், செய்கூலியும் சேதாரமும் திரும்ப வாராதென்பதை அறிந்தே வாங்குக. அணிவதற்கு நகை வாங்குதல் வேறு, சேமித்தல் வேறு. கணக்குப் புத்தகத்தை வீட்டில் கணவனும் மனைவியும் இருவரும் அறிந்திருக்க. ஒருவர் மறைவில் மற்றவர் திகைத்து நிற்கும் நிலை எவர்க்கும் வேண்டாம்.

8. செல்வத்தின் பயன்

சேர்த்த செல்வம் எதற்கு? தன்னையும் பெற்றோரையும் மனைவி மக்களையும் பணியாளரையும் இன்புறச் செய்தல், நண்பர்க்கு உதவுதல், இடர்களிலிருந்து காத்துக்கொள்ளுதல், உறவினர்க்கும் விருந்தினர்க்கும் அரசிற்கும் உரிய கடமைகளை ஆற்றுதல், நல்லோரைப் போற்றி ஈதல் என்று அநாதபிண்டிகருக்குப் பகவான் பயன்களை எடுத்துரைத்தார். இவ்வாறு செலவிட்டவனுக்குச் செல்வம் குறைந்தாலும் வருத்தமில்லை. வளர்ந்தாலும் வருத்தமில்லை என்றார். முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை இங்கே உள்ளது. பணம் கையில் இருப்பது பற்றன்று. அது குறையும்போது நாம் உடைந்து போவதும், வளரும்போது பிறரை இகழ்வதுமே பற்று.

தீகஜாணுவுக்கும் பகவான் இம்மைக்குரிய நான்கோடு நிறுத்தவில்லை. நம்பிக்கை, சீலம், ஈகை, பஞ்ஞை என்னும் நான்கையும் மறுமைக்கெனச் சேர்த்துரைத்தார். ஆகவே சேமிப்புப் புத்தகத்தின் அருகிலேயே ஈகைக்கென ஒரு சிறு உண்டியலும் இருக்கட்டும். மாதம் பத்து ரூபாயேயாயினும் ஒரு மாணவனின் ஏட்டுக்கோ, ஒரு நோயாளியின் மருந்துக்கோ அது போகட்டும். வாங்கும் கையாகவே வைக்கப்பட்டிருந்த நம் கை, கொடுக்கும் கையாக மாறுவதே தம்மம் நமக்களித்த பெரும் மாற்றம்.

பயிற்சி வினாக்கள்

1. சமஜீவிதம் என்றால் என்ன? அது கருமித்தனத்தினின்று எவ்வாறு வேறுபடுகின்றது?

2. இல்லறத்தானின் நான்கு இன்பங்களைக் கூறுக. அவற்றுள் உங்கள் வீட்டில் இன்று இல்லாதது எது?

3. சென்ற மாதம் நீங்கள் கட்டிய வட்டித் தொகை எவ்வளவு? அதே தொகையை உங்கள் பெயரில் ஓராண்டு கட்டினால் எவ்வளவாகும்?

4. ஏரியின் நான்கு மதகுகளுள் உங்கள் வீட்டில் திறந்திருப்பது எது? அதனை அடைக்க யார் உதவ வேண்டும்?

மூன்றாம் வினாவிற்குரிய விடையைப் பிறரிடம் காட்ட வேண்டுவதில்லை. வீட்டார் ஒன்றாக அமர்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தாற் போதும். அத்தாளே இப்பாடத்தின் பயனென்று கொள்வோம். எல்லார்க்கும் கடனில்லா இன்பம் உண்டாகுக!